மூலையில் கிடக்கும் பழைய பொம்மை ரயில் எஞ்சினை மீண்டும் ஓடவைப்பது எப்படி?

மைலோ டின் ஒன்றில் பழைய கைலித் துணியால் சுற்றி வைத்திருந்த எஞ்சினை அப்பா என்னிடம் கொடுத்தபோது, "மோட்டார் எரிந்துவிட்டது. அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்" என்றார். ஆறு சக்கரங்கள் கொண்ட கறுப்பு நிற ‘ஜின்டி’ அது, பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் ஒன்றின் சிறு மாதிரி. அப்பா பள்ளிப் பிள்ளையாக இருந்த காலத்தில் தாத்தா சுங்கை ரோடு சந்தையில் வாங்கிக் கொடுத்தது. தாத்தாவே மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்.

மோட்டார் எரிந்திருக்கவில்லை. உள்ளே இருந்த எண்ணெய் பல ஆண்டுகளில் பிசினாக இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாலைப் பொழுதுகளில் அது ஓடத் தொடங்கியது. அதன் பிறகு என் கைக்கு வந்த எஞ்சின்களிலும் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன: அழுக்கு, காய்ந்த எண்ணெய், அறுந்த ஒரு கம்பி. உண்மையிலேயே கெட்டுப்போனவை சிலதான். அவற்றில் பாதி, யாரோ அவசரப்பட்டுப் பிரித்ததால் கெட்டவை. ஆகவே நான் சொல்லப்போகும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சோதனை, பிறகு சுத்தம். பிரிப்பது கடைசியில், அதுவும் தேவைப்பட்ட அளவுக்கு மட்டும்.

உங்களிடம் இருப்பது எது?

சிங்கப்பூரில் பழைய வீடுகளில் அகப்படுபவை பெரும்பாலும் பிரிட்டிஷ் ‘ஓஓ’ அளவு எஞ்சின்கள். உண்மையான எஞ்சினில் 76-இல் ஒரு பங்கு அளவு. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், மின்சாரம் 12 வோல்ட் நேர்மின்னோட்டம். அடிப்பாகத்திலோ பெட்டியிலோ உள்ள பெயரைப் பாருங்கள். ‘டிரையாங்’ என்று மட்டும் இருந்தால் 1950களிலிருந்து 1960களின் நடுப்பகுதிக்குள் வந்தது. ‘டிரையாங் ஹார்ன்பி’ என்றால் 1965க்கும் 1971க்கும் இடைப்பட்டது. ‘ஹார்ன்பி ரயில்வேஸ்’ என்றால் 1972 அல்லது அதற்குப் பிந்தியது. இந்த விளக்கம் முழுவதும் டிரையாங் எஞ்சின்களில் மிகப் பரவலாக இருந்த ‘எக்ஸ்04’ மோட்டாரை வைத்தே எழுதுகிறேன். நான்கு பக்கமும் திறந்த மோட்டார் அது. உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

வேண்டிய பொருள்கள்

நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற சிறிய திருப்புளிகள், ஓர் இடுக்கி, காட்டன் பட், மரப் பல்குத்தும் குச்சி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தையல் இயந்திர எண்ணெய், 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டுக் கம்பிகள், விலை குறைந்த மல்டிமீட்டர். மின்னணுப் பொருள்களுக்கு ஜாலான் புசார் பக்கம் உள்ள சிம் லிம் டவருக்கு ஒருமுறை போய் வந்தால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய இட்லித் தட்டு. கழற்றும் திருகுகளை முதல் குழி, இரண்டாம் குழி என்று வரிசையாக வையுங்கள். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்கினால் குழப்பமே வராது. கீழே வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் தெறிக்கும் ஸ்பிரிங் உருண்டு ஓடாது.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த அறையில் வேண்டாம்.

முதல் படி: பார்ப்பது

எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து அச்சுகளைக் கவனியுங்கள். முடியும் கம்பள நூலும் சுற்றியிருக்கும். இடுக்கியால் பொறுமையாக உருவி எடுங்கள். சக்கரங்களைக் கையால் சுழற்ற முயலாதீர்கள். மோட்டாரின் அச்சில் உள்ள திருகுப்பல், சக்கரத்தின் பல்லைச் சுழற்றும். சக்கரம் அதைத் திருப்பிச் சுழற்ற முடியாது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் உடையும்.

உலோக அடிச்சட்டத்தில் முடி போன்ற வெடிப்புகளோ, பொருக்குத் தட்டிய வீக்கமோ தெரிகிறதா? இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் அதிகம் காணப்படும் நோய் அது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால் உலோகம் உள்ளிருந்தே உதிர்கிறது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். அதற்கு மருந்து இல்லை, அப்படிப்பட்டதைப் பிரிக்காமல் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: 9 வோல்ட் சோதனை

பழைய மின்மாற்றிப் பெட்டி எஞ்சினோடு சேர்ந்து வந்திருந்தால் அதைச் சுவரில் செருகாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் உறை உள்ளே எப்படி இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. 9 வோல்ட் பேட்டரி சோதனைக்குப் போதும்.

பேட்டரியின் ஒரு கம்பியை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் மகிழ்ச்சி, சுத்தம் செய்தால் போதும். ஓடாவிட்டால் மேற்கூட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அடியில் ஓரிரு திருகுகள்தாம் இருக்கும். பிளாஸ்டிக்கை நெம்பாதீர்கள், எங்கோ ஒரு கொக்கி மாட்டியிருக்கும். பிறகு கம்பிகளை நேராக மோட்டாரின் இரண்டு பிரஷ் கைகளில் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகளைப் பிடித்திருப்பவை) வையுங்கள்.

மோட்டார் சுற்றினால் குறை மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருக்கிறது: அழுக்கேறிய சக்கரம், சக்கரத்தைத் தொடாமல் வளைந்துபோன மின்தொடுப்புத் தகடு, அல்லது அறுந்த கம்பி. மோட்டார் சும்மா இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பேட்டரி சுட்டாலோ பெரிய பொறி பறந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். எங்கோ குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டிருக்கிறது. அதன் காரணத்தைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: கம்யூட்டேட்டர்

வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

மோட்டாருக்குள் சுழலும், கம்பிச் சுருள்கள் சுற்றிய பாகம்தான் ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் சிறு செம்பு உருளை தெரியும், அதுவே கம்யூட்டேட்டர். அது முழு உருளை இல்லை. மூன்று துண்டுகளாகப் பிரிந்து, நடுவே மெல்லிய இடைவெளிகளோடு இருக்கும். இரண்டு கார்பன் பிரஷ்கள் அதை இருபுறமும் தொட்டு மின்சாரத்தைக் கொடுக்கின்றன. சுழலச் சுழல, எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதை அந்த மூன்று துண்டுகளே மாற்றிக்கொடுக்கின்றன. கார்பன் தூளும் எண்ணெயும் கலந்து அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் மின்சாரம் சுருளுக்குள் போகாமல் குறுக்கே ஓடிவிடும். மோட்டார் சூடாகும், நகராது. "எரிந்துவிட்டது" என்று பலர் முடிவு கட்டுவது இந்த நிலையைத்தான்.

காட்டன் பட்டை ஆல்கஹாலில் நனைத்துச் செம்பின் மேல் வைத்து, மறுகையால் ஆர்மேச்சரை மெல்லச் சுழற்றுங்கள். பஞ்சு கன்னங்கரேலென்று வரும். புதிய பஞ்சு எடுங்கள். வெள்ளையாக வரும்வரை இதைத் தொடருங்கள். எங்கள் ஜின்டிக்குப் பதினொரு காட்டன் பட் ஆனது. பிறகு பல்குத்தும் குச்சியின் முனையால் மூன்று இடைவெளிகளையும் வழித்துவிடுங்கள். ஊசி வேண்டாம், அது செம்பைக் கீறும். உப்புத்தாளும் வேண்டாம். அது போடும் கோடுகள் பிரஷ்களை அரம்போல் தேய்த்துவிடும்.

இப்போது மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளவை வைத்து, பிரஷ்கள் தொடாத நிலையில், ஒன்று–இரண்டு, இரண்டு–மூன்று, மூன்று–ஒன்று என மூன்று இணைகளையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் சுருள்கள் நலமாக இருக்கின்றன. ஒன்று மட்டும் மிகவும் விலகி நின்றால் சுருள் அறுந்திருக்கிறது அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்வது புதியவர்களுக்கான வேலை இல்லை. பழைய நல்ல மோட்டார் ஒன்றைத் தேடி வாங்குவதே மேல்.

நான்காம் படி: பிரஷ்களும் ஸ்பிரிங்கும்

எக்ஸ்04 மோட்டாரில் பிரஷ்கள் இரண்டையும் அழுத்திப் பிடிப்பது கொண்டை ஊசி வடிவத்தில் உள்ள ஒரே ஒரு ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் மெல்லிய காப்புக் குழாய் போர்த்தியிருக்கும். இந்த மோட்டாரில் ஒரு பிரஷ் அடிச்சட்டத்தோடு சேர்ந்தது. மற்றது அதிலிருந்து பிரித்துக் காக்கப்பட்டது. காப்புக் குழாய் உள்ள கால் அந்தக் காக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் போக வேண்டும். குழாய் உதிர்ந்திருந்தாலோ ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினாலோ நேரடிக் குறுக்குச் சுற்று. சூடான பேட்டரியின் கதை பெரும்பாலும் இதுதான். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். குழாய் போயிருந்தால், மெல்லிய மின்கம்பியிலிருந்து உருவிய பிளாஸ்டிக் உறையில் சிறு துண்டை வெட்டி மாட்டலாம்.

பிரஷ் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் பித்தளை செம்பைத் தொடும் நிலைக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். இந்த மோட்டாருக்கான பிரஷ்களும் ஸ்பிரிங்குகளும் இன்றும் பிரிட்டனில் விற்கப்படுகின்றன, தபாலில் வரவழைக்கலாம்.

ஆர்மேச்சரையும் காந்தத்தையும் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அந்தக் காலத்துக் காந்தம் தன் இரும்புச் சட்டத்தை விட்டுப் பிரிந்தால் வலுவிழக்கும். நான் சரிபார்த்த இரண்டாவது எஞ்சினில் ஆர்வக்கோளாறால் இதைச் செய்தேன். அதற்குப் பிறகு அந்த எஞ்சினால் ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காக இழுக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: எண்ணெய்

ஒரு துளி என்றால் ஒரே துளி. ஊசி முனையைத் தையல் இயந்திர எண்ணெயில் தொட்டு எடுத்தால் தொங்குமே, அந்த அளவு. மோட்டார் அச்சின் இரு முனைகள், சக்கர அச்சுகள், சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புக் கம்பிகளின் முளைகள், இவற்றுக்கு மட்டும். பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் சிறிதளவு. கம்யூட்டேட்டர் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் அறவே வேண்டாம். ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே அது உறைந்துவிடும், குளிரூட்டி ஓடும் அறையில் கேட்கவே வேண்டாம்.

சக்கரங்களை ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். அவற்றை அச்சிலிருந்து கழற்றாதீர்கள். ஒரு பக்கத்து முளைகளும் மறுபக்கத்து முளைகளும் கால் சுற்று வித்தியாசத்தில் பொருத்தப்பட்டவை. அந்தக் கணக்குத் தவறினால் இணைப்புக் கம்பிகள் இறுகி எஞ்சின் திக்கித் திக்கி ஓடும்.

மேற்கூட்டுக்கு மிதமான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். நகப்பூச்சு நீக்கி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். எண்கள் அச்சிட்ட இடத்தில் ஆல்கஹாலும் படக் கூடாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஓட்டம்

பாதுகாப்பு முத்திரை உள்ள புதிய 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். டிஜிட்டல் முறையில் இயங்கும் தண்டவாளத்தில் பழைய மோட்டாரை வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே சூடாகிவிடும். முதலில் பாதி வேகத்தில் முன்னோக்கிப் பதினைந்து நிமிடம், பின்னோக்கிப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாத சூடு என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

எங்கள் ஜின்டி முதலில் விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. பத்து நிமிடம் கழித்துச் சீராக ஓடியது. அப்பா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாள்களைச் சொல்லத் தொடங்கினார். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் அங்கிருந்து புறப்பட்டதைப் பார்க்க நானும் அவரோடு போயிருந்தேன். அன்று வாய் திறக்காதவர் இப்போது மணிக்கணக்காகப் பேசினார்.

எடுத்து வைப்பது

நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எஞ்சினைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கேமராவுக்கான உலர்பெட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பெட்டியில் இருக்கும் பஞ்சுநுரையை எறிந்துவிடுங்கள், அது நைந்து சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் இறுகாது. எண்ணெய் விட்ட தேதியைத் துண்டுத்தாளில் எழுதி டப்பாவுக்குள் போட்டுவையுங்கள். அடுத்து திறப்பவர் நீங்களாக இல்லாமல் போனாலும், எப்போது எண்ணெய் விட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.