டிபிபிஎச் கரைசலால் ஒட்சியேற்ற எதிரி ஆற்றலை அளக்கும் முறை

வல்லாரை, கறுவா, தேயிலை என்று நம் சமையலறையில் உள்ள எதை எடுத்தாலும், அதன் ஒட்சியேற்ற எதிரி ஆற்றலை, அதாவது ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் திறனை, அளக்க விரும்பும் கொழும்பு மாணவர் முதலில் நாடுவது டிபிபிஎச் சோதனையைத்தான். கரைசல் உறிஞ்சும் ஒளியை அளக்கும் நிறமாலை ஒளிமானி ஒன்றும் சிறிது மெதனோலும் இருந்தால் அரை நாளில் முடித்துவிடலாம் என்பதே அதற்குக் காரணம். ஆனால் இந்தச் சோதனை தரும் எண், கரைசலின் செறிவு, கலக்கும் விகிதம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. இவற்றைக் கவனிக்காமல் பெற்ற எண்ணை வேறு எவருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. ஆகவே செய்முறையோடு, அந்த எண்ணைச் சரிபார்க்கும் வழியையும் இங்கு விளக்குகிறேன்.

டிபிபிஎச் என்பது 2,2-டைபீனைல்-1-பிக்ரில்ஐதரசில் என்னும் சேர்வையின் சுருக்கப் பெயர். அதன் நைதரசன் அணுவொன்றில் சோடி சேராத இலத்திரன் ஒன்று இருக்கிறது. இப்படிச் சோடி சேராத இலத்திரன் கொண்ட சுயாதீன மூலிகங்களில் பெரும்பாலானவை கணநேரத்தில் அழிந்துவிடும். இதுவோ திண்மமாகப் போத்தலில் அடைத்து வைக்கக்கூடிய அளவுக்கு உறுதியானது. மெதனோலில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் தந்து, 517 நனோமீற்றரை ஒட்டிய அலைநீளத்தில் ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். ஒட்சியேற்ற எதிரி ஒன்று ஐதரசன் அணுவையோ இலத்திரனையோ வழங்கியதும் ஊதா நிறம் மங்கி வெளிர்மஞ்சளாகும். அந்த மங்கலையே நாம் அளக்கிறோம். 1958ஆம் ஆண்டில் புளொய்ஸ் என்பவர் வெளியிட்ட முறையே இன்றுள்ள வடிவங்களுக்கெல்லாம் மூலம்.

கொழும்பின் ஈரப்பதன் காரணமாகத் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை தேவை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டிபிபிஎச் போத்தலை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். இல்லையெனில் வளியிலுள்ள நீராவி தூளின்மேல் ஒடுங்கிவிடும். உலர்த்தி அரைத்த இலைத்தூளும் இதேபோல் ஈரத்தை மீண்டும் உறிஞ்சும் என்பதால், நிறுக்கும்வரை அதை உலர்த்திப் பாத்திரத்தில் வைப்பது நல்லது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய பச்சை வல்லாரையின் நிறையில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே முடிவுகளை உலர்நிறைக்கே கணக்கிட்டுத் தாருங்கள்.

0.1 மில்லிமூலர் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 3.94 மில்லிகிராம் டிபிபிஎச் தேவை. இவ்வளவு சிறிய அளவை நான்கு தசமதானத் தராசில் நேரடியாக நிறுப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் 0.1 மில்லிகிராம் பிழைகூட இரண்டரை வீதமாகிவிடும். பதிலாக 19.7 மில்லிகிராம் நிறுத்து 50 மில்லிலீற்றர் கனமானக் குடுவையில் மெதனோலால் நிரப்பினால் 1 மில்லிமூலர் கரைசல் கிடைக்கும். அதில் 5 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் 50 மில்லிலீற்றராக்குங்கள். துணிக்கை எதுவும் மிஞ்சாமல் முழுதும் கரைந்ததை உறுதிசெய்து, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, அன்றே பயன்படுத்துங்கள்.

சோதனைக் குழாயில் 1 மில்லிலீற்றர் மாதிரிக் கரைசலுடன் 3 மில்லிலீற்றர் டிபிபிஎச் சேர்த்துக் கலக்கி, மூடி, இருளில் 30 நிமிடம் வைத்தபின் 517 நனோமீற்றரில் உறிஞ்சலை வாசியுங்கள். மெதனோல் விரைவில் ஆவியாகும் என்பதால், குளிரூட்டியில்லாத அறையில் திறந்த குழாயை வைத்தால் கரைசல் செறிவடைந்து வாசிப்பு உயரும். கட்டுப்பாட்டுக் குழாயில் மாதிரிக்குப் பதிலாக அதைக் கரைத்த அதே கரைப்பானைச் சேர்க்க வேண்டும். டிபிபிஎச் நீரில் கரையாது. கலவையில் நீரின் பங்கு மிகுந்தால் மூலிகம் திரண்டு வாசிப்பைக் கெடுக்கும். நீர்ச்சாறு 1 மில்லிலீற்றர் சேர்த்தால் நீர் கால் பங்குதான், அதனால் தொல்லையில்லை.

மூன்றாவதாக ஒரு குழாயும் அவசியம்: மாதிரி 1 மில்லிலீற்றர், வெறும் மெதனோல் 3 மில்லிலீற்றர். இது மாதிரியின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கு. என் முதல் ஆய்வில் இந்தக் குழாயை வைக்காமல் வல்லாரைச் சாற்றை அளந்தேன். இலையின் நிறமும் சேர்ந்து பதிவானதால் வல்லாரை பலவீனமானது என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேர்ந்தது. உதாரணமாக, கட்டுப்பாட்டு உறிஞ்சல் 0.860, மாதிரி 0.410, மாதிரியின் சொந்த நிறம் 0.060 எனக் கொள்வோம். திருத்திய மாதிரி உறிஞ்சல் 0.350. அதை 0.860இலிருந்து கழித்து, 0.860ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால், மாதிரி தாழ்த்திய டிபிபிஎச்சின் பங்கு 59.3 வீதம். நிறத்தைக் கழிக்காவிட்டால் 52.3 வீதம் என்றே வரும். சிவப்பு அந்தோசயனின் நிறைந்த பழங்கள் இதே அலைநீளப் பகுதியில் உறிஞ்சுவதால் அவற்றில் பிழை இன்னும் பெரிதாகும்.

இனி, சரிபார்ப்பு. ஒவ்வொரு நாளும் அஸ்கோர்பிக் அமிலத்தை, அதாவது விற்றமின் சியை, புதிதாகக் கரைத்து உடன் ஓட்டுங்கள். அதன் ஒரு மூலக்கூறு இரண்டு டிபிபிஎச் மூலிகங்களைத் தாழ்த்தும், அதாவது நிறமிழக்கச் செய்யும். மேற்கண்ட விகிதத்தில் கலந்தபின் டிபிபிஎச் செறிவு 75 மைக்ரோமூலர். அதில் பாதியான 37.5ஐத் தாழ்த்த 18.75 மைக்ரோமூலர் அமிலம் போதும். அதன் மூலர்த் திணிவு 176.12 ஆகையால், இது மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராம். ஐம்பது வீதத் தாழ்த்தலுக்குரிய இந்தச் செறிவையே ஐசி50 என்கிறோம். மில்லிலீற்றருக்கு 4, 8, 12, 16, 20 மைக்ரோகிராம் கொண்ட கரைசல்களைத் தயாரித்தால், கலவையில் அவை 1 முதல் 5 வரை ஆகி, சுமார் 15 வீதத்திலிருந்து 76 வீதம் வரை நேர்கோடாக ஏறும். உங்கள் விடை 13க்கு அருகில் வந்தால், கலப்பதற்கு முந்திய செறிவை வரைபில் இட்டிருக்கிறீர்கள் என்றே பொருள். நான்கு மடங்குப் பிழை அங்கேதான் நுழைகிறது. விடை சற்றுக் கூடினால் அமிலம் பழையதா என்று முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் தெளிவாகும். டிபிபிஎச் செறிவை இரட்டித்தால் அதே அமிலத்தின் ஐசி50உம் இரட்டிக்கும். ஆகவே டிபிபிஎச்சின் இறுதிச் செறிவைக் குறிப்பிடாத அறிக்கையிலுள்ள ஐசி50ஐ உங்களுடையதோடு ஒப்பிட வேண்டாம். ஒரே நாளில் ஒரே கரைசலில் ஓட்டிய அஸ்கோர்பிக் அமிலத்துக்கோ, ஒப்பீட்டுக்குப் பயன்படும் விற்றமின் ஈ வழிச் சேர்வையான ட்ரொலொக்சுக்கோ சமமான அளவாக முடிவைத் தருவதே நேர்மையான வழி.

அஸ்கோர்பிக் அமிலம் மிக விரைவில் தாக்கமுற்று முடிந்துவிடும். தாவரச் சாறுகளிலுள்ள சில பொலிபீனோல்கள் மெதுவாகவே முடிவுக்கு வரும். ஆதலால் புதிய மாதிரி ஒவ்வொன்றுக்கும் முதலில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை வாசித்து, உறிஞ்சல் எப்போது நிலைபெறுகிறது என்று பாருங்கள்; 30 நிமிடத்தில் நிலைபெறாவிட்டால் நேரத்தை நீட்டி, அதையும் எழுதுங்கள். பெரிய மூலக்கூறுகள் டிபிபிஎச்சின் நெருக்கமான மையத்தை எளிதில் அணுக முடிவதில்லை என்பதையும், இம்மூலிகம் நம் உடலில் இல்லாதது என்பதையும் நினைவில் வைத்தால், இந்த எண்ணைக் கொண்டு ஒரு கீரை நோயைத் தீர்க்கும் என்று எழுதத் தோன்றாது.

மெதனோல் நச்சுத்தன்மையும் தீப்பற்றும் தன்மையும் உடையது என்பதால் புகை உறிஞ்சிப் பெட்டிக்குள், கையுறையுடன் வேலை செய்யுங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் கரிமக் கரைப்பான் கழிவுப் போத்தலில் சேருங்கள். ஒளிமானியில் மாதிரியை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குவெட்டின் சுவரில் ஊதாப் படலம் தங்கினால் அடுத்த வாசிப்பு உயர்ந்துவிடும். ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் அதை மெதனோலால் இருமுறை கழுவி, வெண்தாளின் முன் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த மாதிரியை ஊற்றுங்கள்.