மருத்துவபீட நேர்முகத் தேர்வு அன்று என்ன நடக்கும்? வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் அரச மருத்துவபீடங்களுக்குப் போக நேர்முகத் தேர்வு கிடையாது. உயர்தரம் எழுதுகிறோம், இசட் புள்ளி வருகிறது, மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகிறோம். அதனால் பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்த எங்கள் பிள்ளைகள், இன்ரவியூ என்று மின்னஞ்சல் வந்ததும் திகைத்துப் போகிறார்கள். அந்த வழியில் முன்னே போன அண்ணாவோ அக்காவோ ஊரில் இருப்பதும் அரிது. கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தபோது கண்டதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

படி 1: எந்த வகைத் தேர்வு என்று பாருங்கள்

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற சில இடங்களில் இரண்டு மூன்று பேர் எதிரே இருந்து பாடத்தை ஒட்டி ஆழமாகக் கேட்பார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் எம்.எம்.ஐ. (Multiple Mini Interview, பல குறு நேர்முகங்கள்) என்னும் முறைதான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. ஒரே நீண்ட உரையாடலுக்குப் பதிலாகச் சிறு சிறு நிலையங்கள் இருக்கும். பொதுவாக 6 முதல் 10 நிலையங்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 8 நிமிடம். கேள்வியை வாசிக்க ஒன்றிரண்டு நிமிடம் தருவார்கள், மணி அடிக்கும், உள்ளே போவீர்கள். மறுபடி மணி அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டு அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வேறு ஆள் புள்ளி போடுவார். முந்தின நிலையத்தில் நீங்கள் தடுமாறியது அவருக்குத் தெரியாது. அதனால் வெளியே வந்ததும் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: இடத்தையும் நேரத்தையும் சரிபாருங்கள்

வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இணையவழியில்தான் தேர்வு வைக்கின்றன. காலம் பெரும்பாலும் மார்கழி முதல் பங்குனி வரை. குளிர்காலத்தில் நாங்கள் அவர்களைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருக்கிறோம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. பங்குனிக் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு வித்தியாசம் நாலரை மணித்தியாலம்தான். இதைக் கணக்குப் போட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மார்கழி எங்களுக்கு மாரி காலம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே உங்கள் வீடு தகரம் என்றால், சீமெந்துத் தட்டு போட்ட வீடு ஒன்றையோ பள்ளிக்கூட அறையையோ முன்பே கேட்டு வையுங்கள். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட போனும் பக்கத்தில் இருக்கட்டும், கரண்ட் போனால் ஹொட்ஸ்பொட் கைகொடுக்கும். பக்கத்துக் கோயிலில் அன்று விசேடமா என்றும் விசாரியுங்கள். இணைப்பு அறுந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்று பல்கலைக்கழகம் சொல்லியிருக்கும். அதைக் கடதாசியில் எழுதுங்கள், கணினியில் மட்டும் வைத்திருந்தால் உதவாது.

படி 3: அன்று

அரை மணித்தியாலம் முன்னரே இணையத் தயாராக இருங்கள். முதலில் கடவுச்சீட்டைக் கமராவில் காட்டச் சொல்வார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அம்மா தேத்தண்ணியோடு கதவைத் திறக்காமல் இருக்க அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெள்ளைச் சட்டை போதும், கோட் தேடி அலைய வேண்டாம்.

படி 4: நிலையங்கள்

ஏன் மருத்துவம் என்ற கேள்வி அநேகமாக வரும். இங்கேதான் எங்கள் பிள்ளைகள் பாடமாக்கியதை ஒப்புவிக்கிறார்கள். "சிறுவயது முதலே எனது கனவு" என்று தொடங்கினால் எதிரே இருப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிய வராது. உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். வயலில் பாம்பு கடித்தவரைக் கட்டுப் போட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது நீங்கள் கூட இருந்தீர்களா? அம்மம்மாவோடு கிளினிக்கில் விடியற்காலை தொடங்கி வரிசையில் நின்றீர்களா? அங்கே என்ன கவனித்தீர்கள், அதற்குப் பிறகு எதைத் தேடிப் படித்தீர்கள், அது போதும்.

போரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் கிடையாது. 2009இல் உங்களில் அநேகர் கைக்குழந்தைகள், அல்லது பிறந்திருக்கவே இல்லை. வீட்டில் நடந்த இழப்பு உங்களை உண்மையாகவே இந்தப் பக்கம் திருப்பியிருந்தால், நிதானமாக இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, அதிலிருந்து என்ன செய்தீர்கள் என்பதற்குப் போங்கள். அனுதாபம் கிடைக்கும் என்று எண்ணிச் சொல்லாதீர்கள். அந்தத் துயரம் உங்கள் வீட்டாருக்குச் சொந்தமானது, புள்ளிக்காக அதை விரித்துவைக்கும் கடமை உங்களுக்கு இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்து ஒழுக்கவியல் நிலையம். எங்களுக்குக் கடினமானது இதுதான். இப்படி ஒரு கேள்வியை நினையுங்கள்: முதியவர் ஒருவருக்கு நீரிழிவால் கால் அழுகிவிட்டது. அகற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து. அவர் மறுக்கிறார், மகன் "செய்யுங்கள்" என்கிறார். எங்கள் ஊரில் வைத்தியர் மகனிடம்தான் பேசுவார், முதியவருக்குப் பாதி விஷயம் தெரியாமலே இருக்கும். பிரித்தானியாவில் அப்படி முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் உள்ள வளர்ந்தவரின் முடிவு மற்றவர்களுக்குப் புத்தியில்லாததாகத் தோன்றினாலும் அது அவருடைய முடிவு. ஆகவே பதிலை இப்படிக் கட்டுங்கள்: அவருக்கு நிலைமை விளங்கியதா என்று பார்ப்பேன், பயம் என்ன என்று கேட்பேன், வேறு வழிகளை விளக்குவேன், அவர் சம்மதித்தால் மகனோடும் பேசுவேன், கடைசியில் அவர் சொல்வதை மதிப்பேன். சுயாதீனம் (நோயாளியே தீர்மானிப்பது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற மருத்துவ ஒழுக்கவியல் கோட்பாடுகள் நான்கையும் படித்திருப்பீர்கள். பெயர்களை மட்டும் அடுக்காதீர்கள், இந்த முதியவருக்கு அவை எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்று சொல்லுங்கள்.

நடிப்பு நிலையத்தில் ஒரு நடிகர் இருப்பார். நண்பியின் மடிக்கணினியில் நீங்கள் தேநீரைக் கொட்டிவிட்டதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதுபோல் இருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், பிறகு வாயை மூடி அவள் கோபப்பட இடம் கொடுங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் அங்கே பார்க்கப்படுகிறது.

வரைபடம் வாசித்தல், மருந்தளவு கணக்கு போன்றவையும் வரலாம். கணக்கை வாய்விட்டுச் செய்யுங்கள்.

படி 5: ஊரிலேயே ஒத்திகை

பரீட்சகர்களில் வைத்தியரும் விரிவுரையாளரும் மட்டுமல்ல, மருத்துவ மாணவரும் பொதுமக்களும் இருப்பார்கள். அதனால் ரியூசன் கொட்டிலில் ஆறு கதிரை போட்டு ஆங்கில ரீச்சர், தாதி அக்கா, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), வங்கியில் வேலை செய்யும் மாமா என்று ஆறு பேரை இருத்துங்கள். ஒருவர் மணி அடிக்கட்டும். என்னிடம் வந்த பிள்ளை ஒருத்தி முதல் தடவை இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள். பெரியவர் முன் குனிந்து நிற்பது எங்களுக்கு மரியாதை. கமராவிலோ அது தயக்கம் என்று தெரியும். நாலாவது ஒத்திகையில்தான் நிமிர்ந்தாள்.

படி 6: முடிந்த பிறகு

கேள்விகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், வெளியிடக் கூடாது என்று பெரும்பாலும் உறுதி வாங்குவார்கள். முடிவு வரக் கிழமைகளோ மாதங்களோ ஆகலாம். இடம் கிடைத்தாலும் அநேகமாகப் பரீட்சைப் பெறுபேறு நிபந்தனையோடுதான் கிடைக்கும். எங்கள் உயர்தரத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை, அதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து வேலை செய்ய விரும்பினால் இலங்கை மருத்துவ சபையின் தகுதிப் பரீட்சையும் எழுத வேண்டும். வீட்டில் கட்டணக் கணக்குப் பேசும்போது அப்பாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.