சில்வர் பேணியில் பனிபடுநிலை அளப்பது
உயரப் பறக்கும் ஆய்வு விமானங்களில் காற்றின் நீராவியை அளக்கும் ஒரு வழி, குளிரவைத்த கண்ணாடியில் ஈரம் எந்த வெப்பநிலையில் படியத் தொடங்குகிறது என்று பார்ப்பது. அந்த வெப்பநிலைதான் பனிபடுநிலை. இதையே யாழ்ப்பாணத்து விறாந்தையிலும் அளக்கலாம். பளபளக்கும் சில்வர் பேணியில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டு, வெப்பமானியை வைத்து, ஐஸ்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வெளிப்புறத்தைப் பாருங்கள். மங்கியதும் வெப்பநிலையைக் குறியுங்கள். அப்புறம் மிச்ச ஐஸை எடுத்துவிட்டு, மங்கல் மறையும்போதும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். அதுதான் பனிபடுநிலை.

பேணிக்குக் கிட்ட மட்டும் மூச்சு விடாதீர்கள்! விமானத்திலும் இதே தொல்லைதான்: தரையில் நிற்கும்போது விமானத்தில் ஒட்டிய ஈரம் மேலே போனதும் கசிந்து அளவைக் கெடுக்கும், 20 கிலோமீற்றர் உயரத்தில் பத்து லட்சம் மூலக்கூறுகளில் நாலைந்துதானே நீர். சோளகக் காற்று வீசும் காலத்தில் ஒருமுறை, வாடைக் காற்று வீசும் காலத்தில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.