பெரட்டுக்கு முன் சர்வரை எழுப்புதல்: தொடக்கநிலையினருக்கான குவிக் பூட் செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் எடைப்பாலத்துக் கணக்கும் சம்பளக் கணக்கும் மூன்று இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களின் மேல் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள் இஎஸ்எக்ஸ்ஐ; அது ஓடும் சர்வர் ஹோஸ்ட்) மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. இரவின் கடைசி லாரி எடை போட்டுச் சென்றதற்கும் விடியற்காலைப் பெரட்டுக்கும் (தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் நேரம்) இடைப்பட்ட சில மணி நேரம்தான் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட எனக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தைத் தின்பது பேட்ச் அன்று. சர்வர் மீண்டும் எழும்போது ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்), நினைவகம், வட்டுகளை நிர்வகிக்கும் ரெய்டு அட்டை, நெட்வொர்க் அட்டை என்று ஒவ்வொன்றையும் தயார்ப்படுத்துவதற்கே, நினைவகம் மிகுந்த சர்வரில், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

2018-இல், இஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியர் 6.7 உடன் வந்த குவிக் பூட், வன்பொருளை மறுபடி எழுப்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் இஎஸ்எக்ஸ்ஐ-யை இறக்கிவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஏற்றுகிறது. லினக்ஸ்காரர்கள் 2005 முதல் கெக்ஸெக் என்ற பெயரில் அறிந்திருக்கும் வித்தையும் இதுதான்.

முதலில், உங்கள் சர்வர் இதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள். ஹோஸ்டுக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைந்து, லோட்இஎஸ்எக்ஸ் கோப்புறையில் உள்ள பொருத்தம் சோதிக்கும் பைத்தான் நிரலை இயக்கினால், ஒத்துவராத சர்வருக்கு அதன் காரணத்தையும் அது சொல்லிவிடும். பழைய 6.7-இல் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இயங்கினாலும், மெய்நிகர் கணினிக்கு நேரடியாகக் கொடுத்த பிசிஐ அட்டை இருந்தாலும் குவிக் பூட் மறுக்கப்படும்.

இரண்டாவதாக, ஹோஸ்ட்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரில், பேட்ச்களைக் கவனிக்கும் லைஃப்சைக்கிள் மேனேஜரின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, ஹோஸ்ட் ரெமிடியேஷனில் (ஹோஸ்டில் பேட்ச் போடும் வேலை) குவிக் பூட் பெட்டியைக் குறியிட்டுச் சேமியுங்கள்.

மூன்றாவது படியில்தான் நான் ஒருமுறை இடறினேன். ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடுக்கு (பராமரிப்பு நிலை) கொண்டுபோகும்போது, ஹோஸ்ட்களுக்கிடையே சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ், எல்லா மெய்நிகர் கணினிகளையும் விமோஷனால் (ஓடும்போதே நகர்த்தும் வசதி) பக்கத்து ஹோஸ்டுக்கு நகர்த்தியது. எடைப்பால மென்பொருளின் உரிமச் சாவியான யுஎஸ்பி மட்டும் பழைய ஹோஸ்டிலேயே செருகியிருந்ததால், அந்த ஹோஸ்ட் மறுதொடக்கமானதும் மென்பொருள் நின்றுவிட்டது. ஆகவே, எந்த ஹோஸ்டில் எது செருகியிருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகர்த்தவே இடமில்லாத சிறு அலுவலகத்தார், 7.0 அப்டேட் 2 முதல் (2021) கிடைக்கும் வசதியால், மெய்நிகர் கணினிகளை நினைவகத்திலேயே உறங்கவைத்துக் குவிக் பூட் செய்யலாம். அதற்கு அந்தக் கிளஸ்டர் (ஹோஸ்ட்களின் கூட்டம்) ஒரே இமேஜால் (எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான மென்பொருள் தொகுதி) நிர்வகிக்கப்பட வேண்டும். அந்த உறக்க நேரத்தில் சேவை நின்றிருக்கும் என்பதைக் கிராணியிடம் (எழுத்தர்) முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

அதன்பின் ப்ரீ-செக் (முன்சோதனை) ஓட்டி, பிழையில்லையென்றால் ரெமிடியேட் அழுத்துங்கள்.

ஹோஸ்ட் திரும்பியதும் இஎஸ்எக்ஸ்ஐ-யின் பில்ட் எண் (பதிப்பைக் காட்டும் எண்) மாறியிருக்கிறதா, மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோர்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த ஹோஸ்டைத் தொடுங்கள்.

பயாஸ் (சர்வரை முதலில் எழுப்பும் மென்பொருள்) அல்லது அட்டைகளின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் இரவில் குவிக் பூட் உதவாது; முழு மறுதொடக்கம்தான் வேண்டும். அப்படி ஏதும் இல்லாத ஆண்டிலும், ஆலை நிற்கும் ஒரு பொதுவிடுமுறையில், நான் வேண்டுமென்றே ஒருமுறை முழுதாக மறுதொடக்கம் செய்கிறேன். பழுதாகத் தொடங்கிய நினைவகத் துண்டு, முழு மறுதொடக்கத்தில் நடந்து, குவிக் பூட் தாண்டிப்போகும் வன்பொருள் சோதனையில்தான் பிடிபடக்கூடும்.