வேலைவாய்ப்புப் பதிவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் முகாம்களுக்கும் வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அண்மையில் ஒரு முகாமில் புதிய தன்னார்வலர்கள் பணிபுரிவதைப் பார்த்தபோது, தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைக் கண்டேன். சாய்தளம் இல்லாத வாசல், மாடியில் இயங்கும் பதிவுப் பிரிவு போன்றவை எவர் கண்ணிலும் படும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உடன் வந்தவரிடம் பேசுதல்

கேள்வியை விண்ணப்பதாரரிடமே கேளுங்கள்.

எண்ணை வாங்கிக்கொண்டு, தொடர்புகொள்ளும் முறையைக் கேட்காமல் விடுதல்

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் பணியில் சேர்ந்த புதிதில், தரவு உள்ளீட்டுப் பணிக்கு ஒரு நிறுவனம் ஆள் கேட்டிருந்தது. பட்டியலில் முதலில் இருந்த பெண்ணுக்குக் காது கேளாது என்பது பதிவிலேயே இருந்தது. இருந்தும் நான் அவருடைய எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். எவரும் எடுக்காததால் ‘பதில் இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் நேரில் வந்து, கைபேசியில் இருந்த தவறிய அழைப்புகளைக் காட்டி, என்ன செய்தி என்று தாளில் எழுதிக் கேட்டார். அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும்.

இதே தவறு பார்வையற்றோரை வேறு வழியில் பாதிக்கிறது. பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது, வேலை விரைவாக முடிய வேண்டும் என்று கடைக்காரர் தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல்லும் அவரிடமே தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான ஓடிபி மூடப்பட்ட ஒரு கடையின் எண்ணுக்குப் போனதால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பதிவு மூப்பை இழந்த ஒரு பட்டதாரியை நான் அறிவேன். அந்த மூப்பை அவருக்கு மீட்டுத்தர எங்களால் இயலவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல்தொடர்பு என்பதற்குள் எழுத்து, பிரெய்ல், சைகை, பெரிய எழுத்து அச்சு ஆகியவற்றையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே, இந்த எண் உங்களுடையதா, அழைப்பா குறுஞ்செய்தியா வாட்ஸ்அப் காணொளியா எது வசதி, கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டு, விடையைப் பதிவின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அழைக்கப்போகிறவர் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

அறிவிப்பைப் படமாக அனுப்புதல்

முத்திரையும் கையொப்பமும் இட்ட தாளை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ள எழுத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் பெரும்பாலும் அதைப் படம் என்று மட்டுமே சொல்லும். கீழே நான்கு வரி தட்டச்சு செய்யுங்கள்.

ஒதுக்கீடு இல்லையென்று நாமே சொல்லி அனுப்புதல்

1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஒதுக்கீடு 3 விழுக்காடு. பார்வை, செவி, உடல் இயக்கம் என்ற மூன்று பிரிவினருக்கே அது கிடைத்தது. அந்தக் கணக்கையே மனத்தில் வைத்திருக்கும் அனுபவசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். புதியவர்களும் அவர்களிடமே கற்றுக்கொள்கிறார்கள். இன்றைய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணியில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கு உரியது. இதற்குக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும்.

அந்த முகாமில், கற்றல் குறைபாடு உடைய ஓர் இளைஞரிடம் இது உங்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தம் வரை போய் அவரை அழைத்து வந்தோம். சான்றிதழ் அவருடைய பையிலேயே இருந்தது. அதைக் காட்டும்படி எவரும் கேட்டிருக்கவில்லை.