வீட்டு ஸ்டூடியோவில் இரைச்சல்: எர்த்தா, லூப்பா, ஃபேன் ரெகுலேட்டரா?

ஆந்திராவில் பவர்லூம் ஓடும் நகரி, புத்தூர் பக்கம் வீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்பவர்கள், ஸ்பீக்கர் இரைந்தால் பழியைப் பவர்லூம் மேல் போடுவது வழக்கம். தறி நின்ற ராத்திரியிலும் அதே இரைச்சல் வந்தால் கோளாறை அறைக்குள்தான் தேட வேண்டும்.

முதலில் காது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று சீராக வந்தால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (சாமான்களின் எர்த், கேபிள் வழியாகவும் சேர்ந்து வட்டமாவது), இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போகும் கேபிள். ‘ஜ்ஜ்ஜ்’ என்று கூராக வந்தால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கின் டிரைவர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றும் ரெகுலேட்டர் கரண்டின் அலையை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. டக் டக் என்று படியாகத் திரும்பும் கப்பாசிட்டர் ரெகுலேட்டர் அப்படி வெட்டாது, அதை மாட்டிவிடுங்கள்.

அடுத்து, ஸ்பீக்கரில் சொருகிய ஆடியோ கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் ஸ்பீக்கரோ அதன் பவரோதான் காரணம். நின்றால் கேபிளைத் திரும்ப மாட்டி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் போய்விட்டதா? அது லூப். சார்ஜரின் எர்த் யுஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸுக்கும் (மைக்கையும் கருவிகளையும் லேப்டாப்போடு சேர்க்கும் பெட்டி), அங்கிருந்து ஸ்பீக்கரின் எர்த்துக்கும் போய் ஒரு வட்டம் ஆகிவிடுகிறது.

இதற்கு மூன்று பின்னில் எர்த் பின்னை வெட்டுவது, டூ பின் அடாப்டர் போடுவது போன்ற வேலை வேண்டவே வேண்டாம். இரைச்சல் நிற்கும், ஆனால் உள்ளே ஒரு வயர் சாமானின் உலோகப் பாடியைத் தொட்டால் மைக் பிடித்திருப்பவருக்கு ஷாக். எல்லாச் சாமானையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மோனோ கேபிள் இருந்தால் பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் (சிக்னலை இரண்டு வயரில் அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலைக் கழிக்க உதவுவது) வாங்குங்கள். பாதி வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும். பேலன்ஸ்டு அவுட்புட் இல்லாத மிக்ஸரில் இருந்து எடுப்பவர்கள் நடுவில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி வயர் இணைப்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) வைக்கலாம். கீபோர்டுக்கு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி) போதும். அந்த சுவிட்ச் சிக்னல் கேபிளின் ஷீல்டைத்தான் (வயரைச் சுற்றிய உலோக உறை) பிரிக்கிறது, மெயின்ஸ் எர்த்தை அல்ல.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் பிளக் பாயின்ட்டைச் சோதிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்தால் ஃபேஸ்–நியூட்ரல் 230 அருகே இருக்க வேண்டும், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு. அது 60, 110 என்று தள்ளாடினால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு அயர்ன் பாக்ஸ் ஒன்றை ஓடவிட்டு நியூட்ரல்–எர்த் பாருங்கள். ஓரிரண்டு வோல்ட் ஏறுவது இயல்பு. அசையாமல் பூஜ்யமே காட்டினால், பாயின்ட்டுக்குள்ளேயே யாரோ எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். நியூட்ரல் அறுந்த அன்று சாமானின் பாடி முழுக்கக் கரண்ட் நிற்கும். உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

“ஸ்டூடியோவுக்குத் தனி எர்த் குழி வெட்டினால் சுத்தமாகிவிடும்” என்று சொல்பவர்கள் நிறைய. வீட்டு எர்த்தோடு இணைக்காத இரண்டாவது குழி இரைச்சலைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் நிற்பதால் ஆபத்தும் கூட. இருக்கும் குழியைச் சரிசெய்வதுதான் வேலை. நம் பாறை மண் கோடையில் காய்ந்துபோய் எர்த் கெடும். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் இருக்கிறதா, மேல் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து, சித்திரை வைகாசியில் புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கிட்டாரில் மட்டும் இரைந்தால் ஆளோடு சேர்த்துத் திருப்பிப் பாருங்கள். திசைக்கேற்பக் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) குணம். எர்த்தைத் தோண்டிப் பயனில்லை. கம்பியைத் தொட்டதும் குறைகிறதென்றால் கிட்டார் வயரிங் சரி. வீணையில் ஒட்டும் பீசோ மைக்கை (மரத்தின் அதிர்வைப் பிடிக்கும் வில்லை) இன்டர்ஃபேஸின் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ இன்புட்டில்தான் சொருக வேண்டும். லைன் இன்புட்டில் போட்டால் ஒலி மெலிந்துவிடும், கெய்னை ஏற்ற ஏற்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.