காலர் எலும்பு தூக்கிக்கிட்டு நிக்குதா? ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்குற தப்புகள்

பைக்ல போகும்போது சறுக்கி தோள்பட்டை நேரா ரோட்டுல அடிச்சவங்க, கபடியில அடியில சிக்கி மேல நாலு பேர் விழுந்தவங்க, இவங்களுக்கு அதிகமா வர்ற அடி இது. காலர் எலும்பு தோளோட உச்சியில வந்து முடியுற இடத்துல ஒரு சின்ன மூட்டு இருக்கு, ஏசி ஜாயின்ட்னு டாக்டருங்க சொல்வாங்க, அங்க இருக்குற ஜவ்வு கிழிஞ்சதும் எலும்பு முனை மேல துருத்திக்கும். தோளோட பெரிய மூட்டான பந்து கிண்ண மூட்டு நழுவுறது வேற, இது வேற, தயவுசெஞ்சு யாரும் கையைப் பிடிச்சு இழுத்து உள்ள தள்ளப் பாக்காதீங்க. இழுத்தா வலிதான் கூடும், புடிச்சு வைக்கிற ஜவ்வே கிழிஞ்சு கிடக்கும்போது எலும்பு எப்படி நிக்கும்?

நான் பாக்குற பெரிய தப்பு, மேடு எவ்ளோ பெருசா தெரியுதோ அதை வச்சே ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது. எலும்பு எவ்ளோ, எந்தப் பக்கம் விலகியிருக்குன்னு பாத்து இந்த அடியை ராக்வுட்னு ஒரு முறைப்படி 1-ல இருந்து 6 வரைக்கும் கிரேடா பிரிப்பாங்க. 1, 2-ன்னா ஸ்லிங் (கையைத் தாங்கிப் பிடிக்க கழுத்துல மாட்டுற பட்டை), ஐஸ், மாத்திரை, அப்புறம் பிசியோ, அவ்ளோதான். 4, 5, 6-ன்னா பெரும்பாலும் ஆபரேஷன். நடுவுல இருக்குற 3-லதான் டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. 2015-ல கனடாவுல வெளியான ஒரு ஆய்வுல, முழுசா விலகுனவங்கள்ல ஒரு குரூப்புக்கு ஹூக் பிளேட், அதாவது கொக்கி இருக்குற உலோகத் தகடு வச்சாங்க, இன்னொரு குரூப்பை ஆபரேஷன் இல்லாமலே விட்டாங்க. முதல் 3 மாசம் ஆபரேஷன் பண்ணாதவங்க கைதான் நல்லா வேலை செஞ்சுது, 2 வருஷத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான், எக்ஸ்ரேயில மட்டும் பிளேட் வச்சவங்களுது அழகா இருந்துச்சு. அழகுக்காக கத்தி வைக்கணுமான்னு யோசிங்க, ஏன்னா மேடு போனாலும் அந்த இடத்துல தழும்பு வந்துடும்.

அதே சமயம் ஒரே ஒரு எக்ஸ்ரே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போயிடறதும் தப்பு. 4-வது கிரேடுல எலும்பு மேல போகாம பின்னாடி சதைக்குள்ள குத்திக்கிட்டு இருக்கும், முன்னாடி இருந்து எடுக்குற படத்துல அது சரியா தெரியாது. அக்குள் பக்கமா எடுக்குற படமும், ரெண்டு தோளையும் ஒப்பிட்டுப் பாக்குற படமும் வேணுமான்னு கேளுங்க.

அடுத்தது நாள் கடத்துறது. எண்ணெய் போட்டு நீவி இறுக்கி கட்டு போட்டுக்கிட்டே மாசத்தை ஓட்டிட்டு அப்புறம் வர்றாங்க. 5-வது கிரேடு மாதிரி இருந்தா முதல் 3 வாரத்துக்குள்ள பண்றதுதான் நல்லது, அப்போ கிழிஞ்ச ஜவ்வே ஆறி ஒட்டுறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதைத் தாண்டிட்டா பெரும்பாலும் தொடையில இருந்து ஒரு தசைநாரை எடுத்து புதுசா கட்ட வேண்டியிருக்கும், பெரிய வேலை. 3-வது கிரேடுக்கு இந்த அவசரம் கிடையாது, 3 மாசம் ஒழுங்கா பிசியோ பண்ணிப் பாத்துட்டு வலி போகலன்னா அப்புறமும் பண்ணிக்கலாம்.

ஆபரேஷன்னு முடிவானா என்ன வைக்கப் போறாங்கன்னு கேக்காமலே கையெழுத்து போடுறாங்க, இது எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. வெறும் கம்பி மட்டும் குத்துறது பழைய முறை, அந்தக் கம்பி நகர்ந்து நெஞ்சுக்குள்ள நுரையீரல், இதயம் வரைக்கும் போன கேஸ்கள் மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாயிருக்கு, அதனால அதைச் சொன்னா வேற வழி இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. ஹூக் பிளேட்டுன்னா அதோட கொக்கி தோள் உச்சி எலும்புக்கு அடியில போய் உக்காரும். அதை சுமார் 3, 4 மாசத்துல எடுத்தே ஆகணும், அதுவும் ஒரு ஆபரேஷன்தான். வலி இல்லையே அப்படியே இருக்கட்டும்னு வருஷக்கணக்கா விடுறவங்க இருக்காங்க, கையைத் தூக்கத் தூக்க கொக்கி மேல இருக்குற எலும்பை அரிச்சுக்கிட்டே வரும், சிலருக்கு எலும்பே உடைஞ்சிருக்கு. அதனால ரெண்டாவது ஆபரேஷன் செலவையும், இன்சூரன்ஸ் அதுக்குக் குடுக்குமான்னும் முதல்லயே விசாரிச்சிடுங்க. பட்டன் மாதிரி சின்ன உலோகத் துண்டும் கெட்டி நூலும் வச்சு, எலும்புல துளை போட்டு இழுத்துக் கட்டுற முறையில வழக்கமா திரும்ப எடுக்க வேண்டியதில்ல, ஆனா துளை போட்ட இடத்துல எலும்பு உடையுறது, நூல் தளர்றது இதெல்லாம் அதுலயும் உண்டு.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரத்துல வலி குறைஞ்சதும் ஸ்லிங்கை கழட்டி வீசிடுறாங்க. கையோட கனமே தோளைக் கீழ இழுக்கும், கட்டுன கட்டு தளர்றதுக்கு அதுவே போதும், தண்ணி பக்கெட் தூக்குனா கேக்கவே வேணாம். பொதுவா 4-ல இருந்து 6 வாரம் ஸ்லிங், ஹூக் பிளேட் இருந்தா அதை எடுக்குற வரைக்கும் தோள் மட்டத்துக்கு மேல கையைத் தூக்கக் கூடாது. அதுக்காக முழுக் கையையும் அசைக்காம வச்சாலும் தப்பு, விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் முதல் நாள்ல இருந்தே அசைக்கணும், இல்லன்னா இறுகிடும், சுகர் இருக்குறவங்களுக்கு தோள் சீக்கிரமாவே இறுகும். கபடி, ஃபுட்பால் மாதிரி மோதுற ஆட்டத்துக்கு 4-ல இருந்து 6 மாசம் ஆகும்.

சில மாசம் கழிச்சு எக்ஸ்ரேயில எலும்பு லேசா மேல ஏறியிருக்குன்னு தெரிஞ்சதும் ஆபரேஷன் ஃபெயில்னு அழுவுறவங்களும் இருக்காங்க. கொஞ்சம் ஏறுறது நிறைய பேருக்கு நடக்குறதுதான், வலி இல்லாம கை முழுசா மேல போகுதுன்னா வெறும் படத்துக்காக திரும்ப திறக்க வேண்டியதில்ல. தையல் போட்ட இடத்துல சீழ், காய்ச்சல், கை மரத்துப் போறது, திடீர்னு டப்புன்னு சத்தம் கேட்டு மேடு பெருசாகுறது, இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே கிளம்பிப் போயிடுங்க.